ஏடு படித்தவர் ஒருவர், கேட்டவர் ஊரார்

பொதிகை மலையடியில், பொருநையாறு பாறை தாண்டிச் சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தின் அண்டையில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். இவ்வூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிவைத்து நூல் படித்து வருகிறோம் நாம். கூட்டம் பெரிதன்று. இருபது பேர் வந்தால் திருவிழா; பத்துப் பேர் வந்தால் வழக்கம். அப்படி ஒரு நாள், மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "எங்க தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது சார். ஆனா பட்டன் கதையை விடிய விடியச் சொல்வாரு. படிக்காமலே அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சிறுவன் கேட்ட கேள்விதான். எனினும், இந்த ஆற்றங்கரையில் யார் படித்தார், யார் கேட்டார், யார் வாயிலுக்கு வெளியே நின்றார் என்ற வரலாறு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

புலமைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. புலவர் வழக்கில் இதற்குச் சிங்கை என்று பெயர். மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் இங்கே பிறந்தவர். 1785ஆம் ஆண்டில் மறைந்தவர். சிங்கைச் சிலேடை வெண்பா பாடிய நமச்சிவாயக் கவிராயரும் இவ்வூரினரே. அவர்கள் காலத்தில் ஒரு நூல் பிறந்தால் அது அரங்கேறவேண்டும். கோயில் மண்டபத்திலோ மடத்திலோ செல்வர் மாளிகையிலோ புலவர் அமர்ந்து பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார். கற்றோர் தடை எழுப்புவர். புலவர் விடை கூறுவர். நல்ல முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்துக்குள் உட்காரும் உரிமை யாருக்கு இருந்தது? ஆலய நுழைவுக்குச் சட்டத் துணை 1939இல் வந்தது. முழுமையான சட்டம் 1947இல்தான் வந்தது. அதுவரை, ஊரில் பாதிப் பேருக்குத் தமிழ் அரங்கேறியதே தெரியாது! மதிலுக்கு உள்ளே சிலேடை. மதிலுக்கு வெளியே சேரி.

வெளியே நின்றவர்கள் வாய்மூடி இருந்தனரோ? இல்லை. அவர்கள் வில்லை வளைத்தனர், குடத்தைத் தட்டினர், உடுக்கை எடுத்தனர். நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டு, ஏடறியா மக்கள் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட இலக்கிய மன்றமாகும். அதற்கு அழைப்பிதழ் இல்லை, தடையும் இல்லை. மாணவனின் தாத்தா சொன்ன முத்துப்பட்டன் கதை அந்த மன்றத்தின் மணிமுடி.

கதை நம் மலையிலேயே நடப்பது. பார்ப்பனக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், வாலப்பகடை என்னும் சக்கிலியரின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பூணூலையும் குடுமியையும் துறந்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்று, அவர்களை மணக்கிறான். மாமனாரின் மாட்டைக் கவர வந்தவர்களோடு பொருது மடிகிறான். காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கை தருகின்றனர். கோயில் வாயிலில் கழற்றிப் போடும் செருப்பு, உள்ளே காணிக்கையாகிறது! நமக்குக் காணிக்கையில் நம்பிக்கை இல்லை. பெண்கள் இருவரும் தீயில் பாய்ந்து மாண்டதைப் பெருமையாகப் பாடுவதையும் நாம் ஒப்பமாட்டோம். எனினும், சாதியை உதறிய ஒருவனைப் போற்றி இரவெல்லாம் பாட ஒரு மேடை அங்கே இருந்தது என்பதை எப்படி மறப்பது?

அந்த மேடையையும் விட்டு வைக்கவில்லை சாதி. பின்னாளில் பாடப்பட்ட கதையில் புதிய செய்தி ஒன்று நுழைந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடைக்குப் பிறந்தவர்கள் அல்லராம். காட்டில் விடப்பட்ட பார்ப்பனக் குழந்தைகளாம். அவன் எடுத்து வளர்த்தானாம். ஒரே ஒரு ஒட்டு! கலப்பு மணம் கலப்பில்லாத மணமாயிற்று. கதையின் முதுகெலும்பையே உருவிவிட்டனர். கேட்டவர்களுக்கோ உடல் நிற்பதுபோலவே தோன்றியது. இது இடைச்செருகல் என்று எடுத்துக்காட்டியவர் நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை. முத்துப்பட்டன் கதையை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியே பதிப்பித்தவரும் அவரே. வில்லடியில் உட்கார்ந்து கேட்டவனிடம் ஏடு இல்லை. ஆகவே ஒட்டு எது, உடம்பு எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கு வழியும் இல்லை. கேட்பது இன்பம்; கேட்டதைச் சரிபார்க்க எழுத்து வேண்டும்.

இனி ஆற்றோடு கீழே இறங்குவோம்.

1924இல் நெல்லை வண்ணாரப்பேட்டையில், இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டினார். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். முற்றம் வட்டமாக இருந்ததால் வட்டத்தொட்டி என்றே பெயர் நிலைத்தது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, இலக்கணச் சிக்கலில் மாட்டாமல், ஓசையையும் உணர்ச்சியையும் நுகர்வது அங்கே முறை. ஆங்கிலம் பேசுவதே அறிவு என்று படித்தவர்கள் மயங்கிக் கிடந்த நாளில், வழக்கறிஞர்களையும் அலுவலர்களையும் தமிழ்ப் பாட்டின் முன்னே உட்காரவைத்தார் அவர். தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என்றும் தமிழிசை வேண்டும் என்றும் வாதாடினார். கருத்தால் நாம் மாறுபட்டாலும் இந்தக் கடனை ஒப்புக்கொள்ளாதது நேர்மையாகாது. ஆனால் தமக்குச் சுவைக்காத செய்யுள்களைக் கம்பனுடையவை அல்லவென்று தள்ளினார், சொற்களையும் திருத்தினார். சுவையே சான்றா? முத்துப்பட்டன் கதையில் ஒட்டியவன் சாதிக்காக ஒட்டினான். இவர் சுவைக்காக வெட்டினார். நோக்கம் வேறுதான். எனினும் ஏட்டை ஒப்பிட்டுப் பார்க்க இயலாத கேட்பவன் இரு இடத்திலும் ஏமாறுகிறான்.

அதே 1924இல், அதே ஆற்றின் தென்கரையில், சேரன்மாதேவியில் என்ன நடந்தது? வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு! பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைக் கேள்விக்கு உள்ளாக்கினர், தமிழகமே கொதித்தது. ஐயர் கல்லாதவரா? கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி எழுதியவர், சிறுகதைக்கு வழிவகுத்தவர். 1925 சூனில் நம் பாபநாசத்து அருவியிலேயே, நீரில் சிக்கிய மகளைக் காக்க முனைந்து உயிரிழந்தவர். அந்தச் சாவை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. பந்தியை நினைத்தால் கேள்வி எழுகிறது. இலக்கியச் சுவை மட்டும் ஒருவரைச் சமத்துவத்தின் பந்திக்கு அழைத்துவந்து விடாது.

1925 மே 2இல் குடி அரசு தோன்றியது, 1935இல் விடுதலை, 1942இல் திராவிட நாடு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவிலேயே இருந்தனர். பிறகு யாருக்காக இந்த ஏடுகள்? படித்தவன் ஒருவன் உரக்கப் படிப்பான். பத்துப் பேர் கேட்பார்கள். முடிதிருத்தும் நிலையத்தின் பலகையும், தேநீர்க் கடையின் பெஞ்சும், ஓலைக் கொட்டகைப் படிப்பகமுமே நம் வட்டத்தொட்டிகள்! அங்கே படிப்பவனை நடுவில் நிறுத்தி, "அதை இன்னொரு தடவை படி" என்று கேட்க எவர்க்கும் உரிமை உண்டு. மண்டபத்தில் கிடைக்காத உரிமை அது.

கம்பராமாயணமும் பெரியபுராணமும் கொளுத்தப்பட வேண்டுமா என்ற வாதம் 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியிலும், அடுத்த திங்களில் சேலத்திலும் நடந்தது. அண்ணாவை எதிர்த்துச் சென்னையில் பேசியவர், இந்தப் பொருநைக் கரையின் இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் பேசியவர் எட்டயபுரத்து நாவலர் சோமசுந்தர பாரதியார். இரு சொற்போர்களும் 'தீ பரவட்டும்' என்ற நூலாக வந்தபின், கல்லூரி மண்டபத்தில் கால் வைத்திராதவனும் இரு தரப்பையும் அறிந்தான். 1946 சூலையில் பாவேந்தர் பாரதிதாசனுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய்ப் பொற்கிழி வழங்கிய விழாவுக்கு அதே சோமசுந்தர பாரதியார் தலைமை தாங்க, கிழியை அளித்தவர் அண்ணா. எதிர்வாதியை எதிரியாக எண்ணாத பண்பாட்டுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? ஜமீனிடம் கைகட்டி நின்ற புலவன், பொதுமக்கள் தொகுத்த பணத்தை மேடையில் நிமிர்ந்து வாங்கினான்.

நம் படிப்பகங்களில் குறையே இல்லை என்று சொல்லிக்கொள்ளவேண்டாம். தேநீர்க் கடைப் பெஞ்சில் பெண் உட்கார்ந்தாளா? விடுதலை பேசிய பெஞ்சு ஆடவர் பெஞ்சாகவே இருந்தது. பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக வந்தது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தது. அதன் பின்னர்தான் பெண்ணும் நுழையக்கூடிய பொது இடம் ஒன்று ஊர்களில் தோன்றியது. நாமும் முதலில் கூட்டத்தைத் தேநீர்க் கடை வாயிலில், இரவு ஏழு மணிக்கு வைத்தோம். ஒரு பெண்கூட வரவில்லை. பள்ளித் தாழ்வாரத்துக்கும் மாலை நான்கு மணிக்கும் மாற்றினோம். மூவர் வந்தனர், பிறகு எண்மர். தவறு அவர்களுடையதா, நம்முடையதா?

1967இல் நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். கட்டுரை எழுதியவர் அதைப் படிக்கவேண்டும். கேட்டவர் குறை கூறவேண்டும். 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழில் அவை அச்சேறின. பழைய அரங்கேற்றத்தின் தடைவிடை அங்கே மீண்டும் வந்தது, மதில் இல்லாமல்.

மாணவனின் கேள்விக்கு வருவோம். தாத்தா கேட்டுக் கற்றார் என்றோம். "அப்படின்னா அவர் சொன்ன கதையில அந்தப் பொண்ணுங்க யாரு?" என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தாள் பின்வரிசையில் இருந்த ஒரு பெண். அவனுக்கு நினைவில்லை. வீட்டில் பாட்டியைக் கேட்டு வருவதாகச் சொன்னான். மறுவாரம் வந்தான்: காட்டில் கிடைத்த பிள்ளைகள் என்றே பாட்டி சொன்னாராம். கூட்டத்தில் ஒரே சலசலப்பு. "இந்தப் பகுதியை விட்டுவிடலாமே தம்பி, ஊரில் வீண் பேச்சு வரும்" என்றார் மூத்தவர் ஒருவர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நாம் இசையவில்லை. இரு வடிவங்களையும் பெஞ்சின் மேல் வைத்தோம். முதல் வடிவத்தை அந்தப் பெண் படித்தாள். இரண்டாவதை அவன் படித்தான். படித்து முடித்தபோது தாழ்வாரத்தில் விளக்கு ஏற்றவேண்டியிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை, அந்த மூத்தவர் உட்பட.