இளையோருக்கான வரலாற்று, அறிவியல் நூலாக்க நெறி: நேருவின் கடிதங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இளையோருக்கென எழுதப்படும் அறிவியல், வரலாற்று நூல்களின் செய்திகள் காலப்போக்கில் பழமையடைகின்றன. அதன் பின்னரும் அத்தகைய நூல் இளையோர் கையில் கொடுக்கத் தக்கதா என்னும் வினாவை, ஜவாஹர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கடித இலக்கியம், இளையோர் நூல்கள், நேரு, அறிவியல் மனப்பான்மை, சான்று.

முன்னுரை

1928ஆம் ஆண்டுக் கோடையில் இந்திரா முசூரியிலும் நேரு அலகாபாத்திலும் இருந்தனர். அப்போது பத்து வயதுச் சிறுமிக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கடிதங்கள் 1929இல் நூலாயின. 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்டு வரை, பெரும்பாலும் சிறையிலிருந்து எழுதப்பட்ட 196 கடிதங்கள், தமிழில் ‘உலக சரித்திரம்’ என வழங்கும் பெருநூலாயின. முன்னது புவியின் தோற்றம் முதல் தொல்பழங்கால மாந்தர் வாழ்வு, தொடக்க கால அரசுகள் ஆகியன வரை விரிவது. பின்னது உலக நாகரிகங்களின் வரலாற்றைக் கூறுவது. முன்னதே இக்கட்டுரையின் முதன்மை ஆதாரமாகும்.

சான்றிலிருந்து தொடங்குதல்

முதற்கடிதம் அரசர் பெயர்களோடோ ஆண்டுகளோடோ தொடங்கவில்லை. வழியோரம் கிடக்கும் ஒரு கூழாங்கல்லைக் காட்டுகிறது. பாறையை உடைத்தால் கூர்முனைத் துண்டுகளே கிடைக்கும். அவ்வாறிருக்க, இக்கல் மட்டும் எவ்வாறு உருண்டையாகவும் வழவழப்பாகவும் ஆயிற்று? மலையிலிருந்து நீரால் அடித்து வரப்பட்டு, உருண்டு தேய்ந்தமையால் என்பது விடை. இங்குக் குழந்தை ஒரு முடிவை மட்டும் பெறவில்லை. அம்முடிவை எட்டும் வழியையும் பெறுகிறது. எழுத்து தோன்றுவதற்கு முந்தைய வரலாற்றைப் பாறைகளும் புதைபடிவங்களும் கொண்டு அறியலாம் என்னும் கருத்து இதன் நீட்சியே. அறிவியலும் வரலாறும் ஒரே வாசிப்பு முறையின் இரு கிளைகளாக இங்கு அமைகின்றன.

அரசு தோன்றிய வகையும் இம்முறையிலேயே விளக்கப்படுகிறது. குழுவின் பொதுவுடைமையை மேற்பார்த்த தலைவனே நாளடைவில் அதனைத் தனதாக்கி, வழிவழி ஆளும் அரசன் ஆனான் என்கிறார் நேரு. அயலாட்சிக்கு உட்பட்டிருந்த நாட்டில், அதிகாரம் இறைவன் தந்ததன்று, மாந்தர் உருவாக்கியது என ஒரு குழந்தைக்கு உணர்த்துவது அரசியல் செயலுமாகும்.

பழமையடைந்த பகுதிகள்

கோள்கள் சூரியனிலிருந்து பிரிந்தவை, நிலவு பசிபிக் பெருங்கடல் பகுதியிலிருந்து பிரிந்தது எனும் அக்காலக் கருத்துகள் இக்கடிதங்களில் உள்ளன. சூரியனைச் சூழ்ந்திருந்த வளிம, தூசு வட்டிலிலிருந்து கோள்கள் உருவாயின என்பதே இன்றைய விளக்கம். இளம் புவிமீது பெரும் வான்பொருள் ஒன்று மோதியதால் நிலவு உருவாயிற்று என்னும் கோட்பாடு 1980களில் வலுப்பெற்றது. நிலவு பற்றிய செய்தியைப் பலர் கொண்ட எண்ணமாகவே நேரு கூறுவதால், திருத்தத்திற்கு இடமுள்ளது.

மொழி, இனம் பற்றிய பகுதி வேறுபட்டது. தந்தை, தாய் முதலிய சொற்கள் சமற்கிருதம், இலத்தீன், ஆங்கிலம் முதலிய மொழிகளில் ஒத்திருப்பதைக் காட்டி மொழியுறவை நிறுவுவது சான்றுவழிப்பட்டதே. ஆனால் மொழியுறவிலிருந்து மக்களின உறவுக்குத் தாவும் இடத்தில் சான்று காட்டப்படவில்லை. ஆரியர், திராவிடர் என்பன மொழிக்குடும்பப் பெயர்களா, இனப்பெயர்களா என்னும் குழப்பம் அங்கு எழுகிறது. தோல்நிறத்தைத் தட்பவெப்பத்தால் விளக்கி, நிறம் உயர்வு தாழ்வுக்கு அளவுகோலன்று என உணர்த்தும் அதே நூலில் இக்குறை இருப்பது கருதத்தக்கது.

முடிவுரை

இளையோர் நூலில் செய்தி பழமையடைவது தவிர்க்க இயலாதது. சான்று காட்டப்பட்ட இடத்தில், பின்னாளில் வாசகரே பிழையைத் திருத்திக்கொள்ள இயலும். காட்டப்படாத இடத்தில் பிழை நம்பிக்கையாக உறைந்துவிடும். எனவே இத்தகைய நூல்களை மதிப்பிடுவோர் செய்திகளின் புதுமையை மட்டுமன்றி, ஒவ்வொரு முடிவுக்கும் வழி காட்டப்பட்டுள்ளதா என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். பழைய நூல்களை மறுபதிப்பிடுவோர், சான்றின்றி நிற்கும் பகுதிகளுக்கு விளக்கக் குறிப்பு சேர்த்தல் நலம்.