உரியவருக்கு உரியது

ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, 'கிதாபுல் அஸ்ரார்' என்னும் நூலில் கனிமப் பொருள்களை ஆறு வகையாகப் பகுத்தார். இதைக் கொண்டு, இன்றைய தனிம அட்டவணையே நம்மவர் கண்டதெனப் பெருமை பேசுவோர் உளர். அது உண்மையன்று. அவர் பகுத்தவை உலோகங்கள், கற்கள், உப்புகள் முதலிய பொருள்கள். தனிமம் என்னும் இன்றைய கருத்து மிகப் பிற்பட்டது. உரியவருக்கு உரியதை அளிப்பதே நீதி.

1869-இல் ருஷ்ய அறிஞர் மெண்டலீவ், தனிமங்களை அணு எடையின் ஏறுவரிசையில் நிறுத்தினார். ஒத்த குணமுடையவை குறித்த இடைவெளியில் மீண்டும் வந்தன. பொருந்தும் தனிமம் கிட்டாத இடங்களை வெற்றிடமாக விட்டு, அங்கு வரவிருப்பவற்றின் இயல்பையும் முன்னுரைத்தார். 1875-இல் காலியமும், 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் அவ்வாறே வெளிப்பட்டன.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சியது. நுட்பமாக அளந்தபோது நிக்கலைவிடக் கோபால்ட்டின் எடை சற்றே மிகுந்திருந்தது. குணமோ கோபால்ட்டை முன்னே நிறுத்தச் சொன்னது. 1913-இல் ஆங்கில இளைஞர் ஹென்றி மோஸ்லி, தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து இதனைத் தீர்த்தார். வரிசையை ஆள்வது எடையன்று. அணுக்கருவின் மின்னேற்றத்தைக் குறிக்கும் அணு எண்ணே. கோபால்ட்டு 27, நிக்கல் 28. இன்று 118 தனிமங்களும் இம்முறையிலேயே நிற்கின்றன.

பிரிட்டிஷ் படையில் சேர்ந்த மோஸ்லி, 1915 ஆகஸ்ட் 10-இல் கல்லிப்போலியில் துருக்கியர் குண்டுக்கு இரையானார். வயது 27. கல்லிப்போலி என்றதும் தம் மண்ணைக் காத்த உதுமானியரின் வீரத்தையே நாம் நினைக்கிறோம், அது தகும். எதிரணியில் வீழ்ந்த இவ்விளைஞருக்கு உலகம் பட்ட கடனையும் அதே நாவால் சொல்வோமாக.