விருத்தாசலம் பீங்கானும் இடுப்பு வலியும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து வரும் அகல் விளக்கையோ பொம்மையையோ கையில் எடுத்தால் எடையே இருக்காது. அதைச் செய்கிறவர் தூக்குகிற எடை வேறு. களிமண்ணைக் கரைத்த கூழுக்குத் தொழிலில் 'சிலிப்' என்று பேர். ஒரு லிட்டர் சிலிப் சுமார் 1.7, 1.8 கிலோ இருக்கும். பத்து லிட்டர் வாளின்னா 17, 18 கிலோ ஆச்சு. அதைக் குனிந்து எடுத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றணும், அச்சு தண்ணீரை உறிஞ்சும் வரை காத்திருக்கணும், அப்புறம் அச்சையே தூக்கிக் கவிழ்த்து மிச்சத்தை வடிக்கணும். காலையில் காய்ந்து கிடந்த அச்சு சாயங்காலம் ஈரம் குடித்துக் கனக்கும். அதுக்குப் பிறகு பிசிறு சீவுகிற வேலை, கழுத்தைக் குனிந்தபடியே மணிக்கணக்கில்.

இப்படி வருகிற வலியை மருத்துவம் ரொம்ப முன்னாடியே கவனித்துவிட்டது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி 1700-ல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குயவர்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. நோய்க்கு இரண்டு காரணம் சொன்னார்: கையாளும் பொருளின் நஞ்சு ஒன்று, உடம்புக்கு ஒவ்வாத அசைவும் இருப்பும் இன்னொன்று. பின்னால் வந்த சட்டங்கள் முதல் காரணத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன என்பது என் வாசிப்பு.

நம்ம நாட்டுச் சட்டத்தையே பாருங்க. 1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 'விபத்து' என்ற சொல்லில் தொடங்கியது. விரல் மிஷினில் போனால் விபத்து. இருபது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் முதுகுத்தண்டு எந்தத் தேதியில் விபத்துக்குள்ளானது? 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் காயம் உண்டாக்கும் அளவு பாரம் தூக்கவைக்கக் கூடாது என்று 34-ஆம் பிரிவில் சொன்னது, நல்ல விஷயம். ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய 29 நோய்களில், பீங்கான் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் இருந்தது. இடுப்பு வலி, தோள் வலி இடம்பெறவில்லை. பதிவேட்டில் ஏறாத வலிக்கு வைத்தியரை யார் வைப்பாங்க?

ஆலைக்குள்ளேயே மருத்துவம் என்பதும் ஆள் எண்ணிக்கையோடு கட்டப்பட்ட ஏற்பாடுதான். 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. 500-க்கு மேல் போனால்தான் டாக்டர், நர்ஸ் பொறுப்பில் ஓர் ஆம்புலன்ஸ் அறை. சென்னையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் மாதிரியான இடத்தை மனசில் வைத்துப் போட்ட கணக்கு இது. விருத்தாசலத்தில் இருப்பதோ சின்னச் சின்னக் கொட்டகைகள். பக்கத்து நெய்வேலியில், நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை அகற்றும் சுரங்கத் தொழிலாளிக்கு நிறுவனத்தின் பொது மருத்துவமனையே இருக்கிறது. களிமண்ணை வார்க்கிறவருக்கு முதலுதவிப் பெட்டி கிடைத்தாலே பெரிசு.

இ.எஸ்.ஐ. இருக்கே என்பீங்க. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-ல் கோவைக்கு வந்த திட்டம். மின்சாரம் வைத்து 20 பேர் வேலை செய்யும் ஆலைக்கு என்றிருந்ததை 1989 திருத்தம் 10 ஆக்கியது. அந்த எண்ணைத் தொடாத கொட்டகை வெளியேதான். உள்ளே இருந்தாலும், டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் கூலி போச்சு. அதனால் சுளுக்கு எடுக்கிறவர், மெடிக்கல் ஷாப் மாத்திரை, ராத்திரி தைலம். நீவி விடுகிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன், பல பேருக்கு வலி குறைகிறது. ஆனா மறுநாள் காலை அதே வாளி, அதே உயரம். ஆலைக்குள் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தால் தோளைப் பார்த்த கையோடு மேசையையும் பார்ப்பார். ஒரு முழம் உயர்த்து, வாளியைப் பாதியாக்கு என்று முதலாளியிடம் சொல்வார். வெளியே இருக்கும் வைத்தியருக்கு அந்த மேசை தெரியாது.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 'தொழிற்சாலை' என்பதற்கான வரம்பை மின்சாரம் உள்ள இடத்தில் 10-லிருந்து 20 ஆகவும், இல்லாத இடத்தில் 20-லிருந்து 40 ஆகவும் ஏற்றியது. விருத்தாசலம் மாதிரி ஊருக்கு இது பின்னோக்கிய அடி. தனித்தனியாகக் கட்டுப்படியாகாத ரோடு, தண்ணீர், கரண்ட்டைச் சேர்ந்து பெறத்தான் 1950-களில் தொழிற்பேட்டை என்ற ஏற்பாடே வந்தது, கிண்டி 1958. அந்தப் பொதுப் பட்டியலில் ஒரு வைத்திய அறையையும் அப்பவே சேர்த்திருக்கலாம். பேட்டை முழுக்க எண்ணினால் தலைகள் போதுமான அளவு இருக்கும்; ஷெட் ஷெட்டாக எண்ணுவதால்தான் குறைகிறது.