மலைக்கோடு போட்ட சட்டை

ஸ்லோவேனியா 1991 ஜூன் 25 அன்று யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். புதுக் கொடி, புது நாணயம், புதுக் கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றாக வந்த வரிசையில் அந்த நாட்டுக்கென்று ஒரு கால்பந்துச் சட்டையும் பிறந்தது. ஃபிஃபா அங்கீகாரம் பெற்ற முதல் ஆட்டத்துக்காக அது போன இடம் எஸ்தோனியாவின் தாலின் நகரம். 1992 ஜூன் 3 அன்று நடந்த அந்த ஆட்டம் 1-1 என்று சமனில் முடிந்தது.

அதற்கு முன்பு, உலகக் கோப்பையில் ஆட ஆசைப்பட்ட ஸ்லோவேனியர் யுகோஸ்லாவியாவின் சட்டையைத்தான் போட்டாக வேண்டும். அந்த வாய்ப்பு வாய்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1974இல் பிரானே ஓப்லாக், 1990இல் ஸ்ரெச்கோ கதானெட்ஸ் ஆகியோர் அவர்களில் இருவர்.

புதிய சட்டைக்கு 1990களில் வெள்ளையும் பச்சையும் நிறங்களாயின. தலைநகர் லியூப்லியானாவின் நிறங்கள் அவை. பிறகு மார்பின் குறுக்கே ஏறி இறங்கும் ஒரு கோடு வந்தது. ஜூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 2,864 மீட்டர் உயரத்தில் நிற்கும் திரிக்லாவ் சிகரத்தின் வடிவம் அது. நாட்டின் கொடியில் இருக்கும் அதே மலை.

இந்தச் சட்டையின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோல் அடித்தவர்களைத் தொட்டுத் தொட்டே எழுதுகிறார்கள். நான் இதை ஒரு தடுப்பாட்டக்காரர் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். போஷ்த்யான் சேசார் அதை 101 முறை அணிந்தார். ஸ்லோவேனியாவுக்காக நூறு ஆட்டங்களைத் தொட்ட முதல் வீரர் அவர்தான். கோலைத் தடுத்தே அந்த எண்ணிக்கையை அடைந்தார்.

சேசார் 1982 ஜூலையில் லியூப்லியானாவில் பிறந்தார். அவர் பதின்வயதைத் தாண்டுவதற்குள் சட்டை தன் முதல் பெருமையைக் கண்டுவிட்டது. கதானெட்ஸ் பயிற்சியாளராக இருந்த அணி, உக்ரைனைத் தோற்கடித்து 2000 ஐரோப்பியக் கோப்பைக்கும், ருமேனியாவைத் தோற்கடித்து 2002 உலகக் கோப்பைக்கும் போனது. இரண்டு இடத்திலும் ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. உலகக் கோப்பையின் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. போதாததற்கு, அணியின் பெரும் நட்சத்திரமான ஸ்லாட்கோ ஸஹோவிச் பயிற்சியாளரோடு மோதிப் பாதியிலேயே ஊர் திரும்ப நேர்ந்தது. சேசார் 2003இல் தேசிய அணிக்குள் வந்தபோது அவர் கைக்கு வந்தது, உயரத்துக்குப் போய் மனம் கசந்து திரும்பிய ஒரு சட்டை.

ஸ்லோவேனிய லீக்கின் வருமானம் சிறியது. ஆட்டத்தை நம்பிப் பிழைப்பவர் வெளிநாடு போயே ஆக வேண்டும். சேசாரும் போனார். ஒலிம்பியா லியூப்லியானாவிலிருந்து குரோஷியாவின் டினாமோ ஸாக்ரெப், அங்கிருந்து பிரான்சின் மார்செய், ஓராண்டு இரவலாக இங்கிலாந்தின் வெஸ்ட் ப்ரோம்விச் ஆல்பியன், திரும்பவும் பிரான்சுக்கு வந்து கிரெனோப்ல். கடைசியாக 2010இல் இத்தாலியின் வெரோனா நகரத்தில் இருக்கும் கியேவோ. அங்கே 2019 வரை இருந்தார். ஊருக்கு ஊர் புதிய மொழி, புதிய பயிற்சியாளர், புதிய பக்கத்துத் துணை. கிளப் சட்டைகள் மாறிக்கொண்டே இருந்தன. நாட்டின் சட்டை மட்டும், ஆண்டுக்குச் சில முறை, அவரையும் அவரைப் போலவே சிதறிக்கிடந்த மற்றவர்களையும் ஒரே அறையில் சேர்த்தது.

நடுப் பின்களத்தில் நிற்பவரின் வேலை தனியொருவரின் வேலை அல்ல. எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது, எதிரி முன்கள வீரரை யார் பிடிப்பது, வெற்றிடத்தை யார் மூடுவது என்று நான்கு பேரும் கோல்காப்பாளரும் ஒரே கணத்தில் ஒரே முடிவை எடுக்க வேண்டும். கிளப்பில் இதைத் தினமும் பழகலாம். தேசிய அணிக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அதனால் சிறிய நாட்டுக்கு இருக்கும் ஒரே வழி, அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்தே நிறுத்துவது.

பயிற்சியாளர் மத்யாஜ் கெக் அதைச் செய்தார். கோலில் சமீர் ஹந்தானோவிச், வலப்புறம் மிஷோ ப்ரெச்கோ, இடப்புறம் போயான் யோகிச், நடுவில் மார்கோ ஷூலெரும் சேசாரும். 2010 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் செக் குடியரசு, போலந்து, ஸ்லோவாக்கியா, வடக்கு அயர்லாந்து ஆகியவை இருந்த பிரிவில் ஸ்லோவேனியா பத்து ஆட்டங்கள் ஆடியது. வாங்கிய கோல்கள் வெறும் 4. என்னைக் கேட்டால், இந்தச் சட்டையின் வரலாற்றில் மிக அழகான எண் இதுதான்.

பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணி, ரஷ்யாவோடு இரண்டு ஆட்டங்கள் மோத வேண்டியிருந்தது. மாஸ்கோவில் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடங்களில் நெய்ட்ஸ் பெச்னிக் ஒரு கோல் போட்டார். நான்கு நாள் கழித்து, 2009 நவம்பர் 18 அன்று, மரிபோரின் லியூட்ஸ்கி வர்த் அரங்கத்தில் ஸ்லாட்கோ டெடிச் அடித்த ஒரே கோல் போதுமானதாக இருந்தது. மொத்தக் கணக்கு 2-2. எதிரி மண்ணில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி ஸ்லோவேனியாவைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியது. மரிபோரில் ஒரேயொரு கோல் வாங்கியிருந்தாலும் அந்தப் பயணம் நின்றுபோயிருக்கும். டெடிச்சின் பெயர் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த ஒரு கோலை வாங்காமல் காத்தவர்களையும் அதே மூச்சில் சொல்வதுதான் நியாயம்.

2010இல் உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மிகச் சிறியது ஸ்லோவேனியா. மலைக்கோடு போட்ட அந்தச் சட்டையை உலகம் அப்போதுதான் கூர்ந்து பார்த்தது. சார்லி பிரவுன் என்ற கேலிச்சித்திரச் சிறுவனின் சட்டை போல இருக்கிறதே என்று பலரும் பேசினார்கள். ஐந்தாம் எண் சேசாருடையது. போலோக்வானேயில் அல்ஜீரியாவை 1-0 என்று வென்றார்கள். கேப்டன் ராபர்ட் கோரெனின் கோல். உலகக் கோப்பையில் ஸ்லோவேனியாவின் முதல் வெற்றி அது.

அடுத்து ஜோகன்னஸ்பர்க்கில் அமெரிக்காவுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 2-0 முன்னிலை. இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் வலப்பக்கம் வந்த நீண்ட பந்தைத் தடுக்கச் சேசார் சறுக்கி விழுந்தார், பந்து தப்பியது. லாண்டன் டோனவன் அதைக் கொண்டுபோய்க் கோலாக்கினார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. தடுப்பாட்டக்காரர் நூறு முறை சரியாகச் சறுக்கியது எந்தக் காணொளித் தொகுப்பிலும் இருக்காது, தவறிய ஒரு முறை இருக்கும். இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர் அதற்கும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார்.

கடைசிப் பிரிவு ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 0-1 தோல்வி. ஆனாலும் அடுத்த சுற்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரிட்டோரியாவில் அமெரிக்கா அல்ஜீரியாவோடு ஆடிய ஆட்டத்தின் காயநேரத்தில் அதே டோனவன் அடித்த கோல் அதைப் பறித்தது.

2012இல் ஸ்லோவேனியக் கால்பந்துச் சங்கம் பச்சையைக் கைவிட்டு வெள்ளையையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டது. கோரெனும் அவர் காலத்து ஆட்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். சேசார் இருந்தார். கேப்டன் பட்டையும் அவர் கைக்கு வந்தது. ஸஹோவிச்சின் 80 ஆட்டங்கள் என்ற சாதனையைத் தாண்டினார். 2015 நவம்பரில், ஐரோப்பியக் கோப்பைக்கான இறுதி வாய்ப்பு ஆட்டத்தில் உக்ரைனிடம் முதல் சந்திப்பில் 0-2 தோற்றிருந்த அணிக்கு, மரிபோரில் 11ஆம் நிமிடத்திலேயே கோல் அடித்து உயிர் கொடுத்தவர் சேசார்தான். இரண்டாவது கோல் வரவேயில்லை. கடைசி நொடியில் உக்ரைன் ஆட்டத்தைச் சமன் செய்தது.

2017 அக்டோபரில் லியூப்லியானாவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 2-2. ஸ்காட்லாந்தின் உலகக் கோப்பைக் கனவு அந்த ஆட்டத்தோடு முடிந்தது. ஆட்டத்தின் இறுதியில் சேசாருக்குச் சிவப்பு அட்டை. அவருடைய கடைசிப் போட்டி ஆட்டமும் அதுவே. 2018 மார்ச்சில் பெலாரஸுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் 101ஆவது முறையாக அணிந்து விடைபெற்றார்.

சட்டை நிற்கவில்லை. 2024இல், 24 ஆண்டுகளுக்குப் பிறகு, ஐரோப்பியக் கோப்பைக்குத் திரும்பியது. பயிற்சியாளர் மறுபடியும் கெக். டென்மார்க், செர்பியா, இங்கிலாந்து மூன்றோடும் சமன். நாக்-அவுட் சுற்றில் போர்ச்சுகலோடு 120 நிமிடம் ஆடியும் கோல் வாங்கவில்லை, பெனால்டியில்தான் வெளியேறியது. நான்கு ஆட்டங்களில் வாங்கியது 2 கோல். செர்பியாவுக்கு எதிரான கோலை அடித்தவரும் ஒரு தடுப்பாட்டக்காரரே, ஷான் கார்னிச்னிக்.

20 லட்சம் பேர் உள்ள நாட்டில் பெரும் கோல்வேட்டைக்காரர் தலைமுறைக்கு ஒருவர் கிடைத்தால் அதிகம். தடுப்பைக் கற்பிக்கலாம், பழக்கலாம், ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்குக் கொடுக்கலாம். 2010இலும் 2024இலும் ஸ்லோவேனியா பெரிய அரங்கங்களில் நின்றது அந்த வழியில்தான். ஆகவே இந்தச் சட்டையின் வரலாற்றை எழுதுபவர்கள் முதல் வரியில் பின்களத்தாரின் பெயர்களைப் போட வேண்டும். சேசாரின் பெயரில் தொடங்கலாம்.