டிக்டாக் தடை வழக்கு (2019)

டிக்டாக் தடை வழக்கு என்பது குறு நிகழ்படச் செயலியான டிக்டாக்கைத் தடை செய்யக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு ஆகும். இவ்வழக்கில் 2019 ஏப்ரல் 3 அன்று பிறப்பிக்கப்பட்ட இடைக்கால உத்தரவின் விளைவாக, இச்செயலியை இந்தியாவில் பதிவிறக்குவது சில நாட்கள் தடைபட்டது. சமூக ஊடகங்களால் சிறுவர், இளையோர் நலனுக்கு ஏற்படும் பாதிப்பு குறித்துத் தமிழ்நாட்டில் நடந்த முக்கிய வழக்குகளில் இதுவும் ஒன்று.

பின்னணி

2017 இல் "நீலத் திமிங்கிலம்" எனப்பட்ட இணைய விளையாட்டுடன் மதுரை மாவட்டக் கல்லூரி மாணவர் ஒருவரின் இறப்பு தொடர்புபடுத்தப்பட்டது. அதையடுத்து மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்குப் பதிவு செய்தது.

டிக்டாக் சீனாவின் பைட்டான்சு நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2018 ஆகத்து மாதத்தில் மியூசிக்கலி செயலி இதனுடன் இணைக்கப்பட்டது. திரைப்பட வசனங்களுக்கும் பாடல்களுக்கும் வாயசைத்து நடிக்கும் வசதியால் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இது விரைவாகப் பரவியது. 2019 பெப்ரவரியில் தமிழக சட்டமன்றத்திலும் இதனைத் தடை செய்வது பற்றிப் பேசப்பட்டது.

வழக்கின் போக்கு

நீதிபதிகள் என். கிருபாகரன், எசு. எசு. சுந்தர் ஆகியோர் அடங்கிய அமர்வு, செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டது. டிக்டாக் நிகழ்படங்களை ஊடகங்கள் ஒளிபரப்பவும் தடை விதித்தது. சிறுவர்களின் இணையத் தனியுரிமையைக் காக்க 1998 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றியதைப் போன்ற சட்டம் இந்தியாவிலும் கொண்டுவரப்படுமா என்றும் அமர்வு வினவியது.

ஏப்ரல் நடுப்பகுதியில் கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் தம் செயலிக் கடைகளிலிருந்து டிக்டாக்கை நீக்கின. ஆயினும், முன்பே பதிவிறக்கியோர் அதனைத் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. தடையால் நாளொன்றுக்கு 5 லட்சம் அமெரிக்க டாலர் வரை இழப்பு ஏற்படுவதாக நிறுவனம் முறையிட்டது. உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலுக்குப் பின் இவ்வழக்கை மீண்டும் விசாரித்த உயர் நீதிமன்றம், ஆபாசமான, தகாத நிகழ்படங்கள் இடம்பெறக் கூடாது என்ற நிபந்தனையுடன் ஏப்ரல் 24 அன்று தடையை நீக்கியது.

2020 சூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இளையோர் நலன் அத்தடைக்கு அடிப்படை அன்று. பயனர்கள் பலர் இன்சுடாகிராம், யூடியூப் ஆகியவற்றின் குறு நிகழ்படங்களுக்கு மாறினர்.

உளநலம் குறித்த கருத்துகள்

வழக்கில் ஆபாசமும் சிறுவர் பாதுகாப்புமே முதன்மை பெற்றன. உளநல வல்லுநர்கள் வேறு சில கூறுகளையும் சுட்டுகின்றனர். முடிவின்றித் தொடரும் நிகழ்படங்கள் உறக்க நேரத்தைக் குறைக்கின்றன. விருப்பக் குறிகளின் எண்ணிக்கை, பிறருடன் தம்மை ஒப்பிடும் பழக்கத்தை வளர்க்கிறது. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இழிவான பின்னூட்டங்களுக்கு ஆளாகின்றனர். மறுபுறம், மேடையோ பணமோ செல்வாக்கோ இல்லாத சிற்றூர் இளைஞர்களுக்குத் தம் திறமையை வெளிக்காட்ட இச்செயலி வாய்ப்பளித்தது.

ஆய்வு முடிவுகள் ஒருமித்தவை அல்ல. நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் வளரிளம் பருவத்தினருக்கு உளநலக் குறைபாடுகளுக்கான வாய்ப்பு இருமடங்காகலாம் என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2023 ஆம் ஆண்டு அறிக்கை எச்சரித்தது. ஆனால் 2019 இல் ஓர்பன், பிரிசிபில்சுக்கி வெளியிட்ட ஆய்வு, வளரிளம் பருவத்தினரின் நல்வாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் எண்முறைத் தொழில்நுட்பப் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 விழுக்காடே என்றது.

பிந்தைய நடவடிக்கைகள்

2014 இல் பெங்களூரு நிம்கான்சு மருத்துவமனை, தொழில்நுட்பத்துக்கு அடிமையானோருக்கான தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியிருந்தது. 2022 முதல் 14416 என்ற தொலைபேசி எண்ணில் "டெலி மானசு" உளநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது. 2023 ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. ஆசுத்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கு விதித்த தடை 2025 திசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது.

இவற்றையும் பார்க்க

சமூக ஊடகம்
இணையவழித் துன்புறுத்தல்
வளரிளம் பருவம்