சிவில் வழக்கு மாற்றம்
ஒரு நியாயஸ்தலத்தில் நிலுவையிலுள்ள சிவில் வியாஜ்யத்தை மற்றொன்றுக்கு மாற்றுதல். அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்களும் கூட்டரசு நீதிமன்றங்களும் தனித்தனி வரிசைகளாதலின், உரிய காரணமிருப்பின் பிரதிவாதி வழக்கைக் கூட்டரசு நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லலாம். பாரத தேசத்திலோ நீதிமன்றங்கள் ஒரே வரிசையில் அமைந்தமையால், மாற்றம் மேல் நீதிமன்றத்தின் ஆணையாலேயே நிகழும்.

எடுத்துக்காட்டாக, செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவிடந்தையிலுள்ள ஸ்தாவர சொத்தைக் குறித்த வழக்கு, 1908ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பொதுவாக அவ்வெல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே தொடுக்கப்படும். அதனைச் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றமோ சென்னை உயர் நீதிமன்றமோ, 24ஆம் பிரிவின்கீழ், தனக்குக் கீழ்ப்பட்ட வேறொரு தகுதியுடைய நீதிமன்றத்துக்கு மாற்றலாம். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் அதிகாரம், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால், 25ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு உரியதாயிற்று. தூரத்தாலும் செலவாலும் எளியவர்க்கு நியாயம் மறுக்கப்படாதபடி காக்கும் அரிய ஏற்பாடு இது.