பெட்டியடிப் பையன் முதல் டிரேடு டெஸ்ட் வரை

கேம்பஸ் இண்டர்வியூ என்றதும் நம் வகுப்பில் எல்லோரும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு ஓடுகிறோம். ஒரு வெல்டரையோ எலெக்ட்ரீஷியனையோ வேலைக்கு எடுப்பவர் அவர் வாயைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? எங்கள் செட்டிநாட்டு வரலாற்றில் இதற்கு மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில், நகரத்தார் கொண்டுவிற்கும் கடைகள். பர்மா, மலேயா, இலங்கை என்று கடை வைத்திருந்த காலத்தில் அவர்களிடம் நேர்முகத் தேர்வு என்று ஒன்று கிடையாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனைப் பெட்டியடியில் உட்கார வைப்பார்கள். எடுபிடி வேலை, கணக்கு எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது, வாய்ப்பாடு. அந்த வாய்ப்பாடும் முழு எண்ணோடு நிற்காது. மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. வட்டிக் கணக்குக்கு இதெல்லாம் மனதில் ஓட வேண்டும். பெட்டியடிப் பையன் தேறினால் அடுத்தாள், அதிலும் தேறினால் கடைக்கே மேலாள். மேலாளாகக் கடல் தாண்டுபவருக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு ஒப்பந்தம். சம்பளச் சீட்டு எழுதித்தான் அனுப்புவார்கள். முதலாளி இங்கே, பணம் ரங்கூனில். நம்பிக்கை இல்லாமல் நடக்குமா? அரை மணி நேரத்தில் கேட்க வேண்டியதைப் பத்து வருடம் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

கைத்தொழிலும் இப்படித்தான். ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையை ஒன்றோடொன்று கலக்காமல் ஊற்ற வேண்டும். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். இதைக் கேள்வி கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கல் போடச் சொன்னால் முடிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பெட்டியடியில் யார் உட்காரலாம்? பெரும்பாலும் சொந்தக்காரப் பையன், இல்லையென்றால் அதே சமூகத்துப் பையன். தச்சு வேலைக்கு ஆசாரி வீட்டுப் பிள்ளை. வெளியிலிருந்து வருகிறவனுக்குத் திறமை இருந்தாலும் அதைக் காட்ட இடமே இல்லை.

அந்தக் கதவைத் திறந்தது இரண்டாவது பதில். 1950ல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐ.டி.ஐ.க்கள் அதன் வழியாகத்தான் பரவின. 1961ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. யார் பிள்ளையானாலும் ஃபிட்டர், டர்னர் படிக்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். அதே காலத்தில் காரைக்குடியும் மாறியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் (நம்ம சிக்ரிதான்!) 1953ல் திறக்கப்பட்டது. வட்டிக்கடைக்கு ஆள் பழக்கிய ஊரில் ஆய்வகத்துக்கு டெக்னீஷியன் தேட வேண்டி வந்தது.

அடுத்த திருப்பம் 2016 ஜனவரி 1. 'பி' பிரிவில் கெசட்டட் அல்லாத பணிகளுக்கும் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் மத்திய அரசு நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. சிபாரிசும் லஞ்சமும் புகுவது அந்த அறைக்குள்தான் என்பது காரணம். செய்முறைத் தேர்வு மட்டும் தொடரலாம், ஆனால் அதில் தேறினால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது. அதாவது நன்றாக வெல்டிங் செய்பவரும் சுமாராகச் செய்பவரும் அங்கே சமம். முந்துவது பேனா பிடித்தவர்.

சரி, ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? 1998ல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். வேலையையே செய்து காட்டச் சொல்லும் தேர்வுக்கு 0.54 மதிப்பு, தோன்றியபடி பேசும் நேர்முகத்துக்கு 0.38. கைதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் 2022ல் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். செய்து காட்டும் தேர்வு 0.33க்கு இறங்கியது. முதலிடம் பிடித்தது எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று நடக்கும் நேர்முகம் (0.42). தோன்றியபடி பேசுவது 0.19க்குப் போய்விட்டது.

மூன்றாவது பதில் இங்கே கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நேர்முகம் என்பதே தவறில்லை, "எந்த ஊரு, யாரு மகன்?" என்று ஆரம்பிக்கும் நேர்முகம்தான் தவறு. மேஸ்திரி கரணையையும் தூக்குக்குண்டையும் கையில் கொடுத்து "ஒரு வரிசை கட்டு பார்ப்போம்" என்கிறாரே, அது நல்ல பழக்கம். அதே சுவர், அதே நேரம், அதே அளவுகோல் என்று வருகிற எல்லோருக்கும் வைக்க வேண்டும். பிறகு "சுவர் சாய்ந்தால் என்ன செய்வாய்?" என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். செட்டிநாட்டுக் கடைகளிடம் உற்றுப் பார்க்கும் பொறுமை இருந்தது. ஐ.டி.ஐ.யிடம் திறந்த கதவு இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சேர வேண்டாமா?

நாளைக்கு நம்மில் சிலர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரத்தான் போகிறோம். எதிரே இருப்பவர் திக்கித் திக்கிப் பேசினால், முதலில் அவர் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுங்கள்.